சிலாவோஸ் ரோட்டுல சைக்கிள்: ஏறுறதுக்கு பயப்படாதீங்க, இறங்குறதுக்கு நேரம் பாருங்க

கேள்வி, 3 ஜூன் 2025

அண்ணே, எனக்கு ஊரு கோயம்புத்தூர். வேலை விஷயமா ரீயூனியன் (இந்தியப் பெருங்கடல்ல இருக்குற பிரெஞ்சுத் தீவு) வந்து தலைநகர் சென் தெனில இருக்கேன். ஊர்ல இருக்கும்போது வால்பாறை, கொல்லிமலைன்னு ரோடு பைக்ல சுத்தினவன். இங்க மலைமேல இருக்குற சிலாவோஸ் ஊருக்குப் போலாம்னு சொன்னா ஆபீஸ்ல எல்லாரும் ஒரே குரல்ல 400 வளைவு, வேணாம்ங்கிறாங்க. வீட்ல அதைக் கேட்டுட்டு சைக்கிளையே வித்துடுங்கிறா. நெஜமா அவ்ளோ கஷ்டமா? எந்தப் பக்கமா ஏறணும், ஒரே நாள்ல ஏறி இறங்கிடலாமா?

3 ஜூன் 2025, ராத்திரி

தம்பி, மொதல்ல சைக்கிளை விக்காதீங்க.

எந்தப் பக்கம்னு யோசிக்கவே வேணாம், சிலாவோஸுக்கு வண்டி போற ரோடு ஒண்ணே ஒண்ணுதான், சென் லூயில இருந்து மேல போற N5ங்கிற ரோடு. சுமார் 37 கிமீ, ஊரு கிட்டத்தட்ட 1200 மீட்டர் உயரத்துல இருக்கு. கணக்குப் போட்டா சராசரி ஏத்தம் மூணேகால் சதவீதம்தான் வருது, ஆனா அந்த சராசரியை நம்பிப் போனா கால் வலிக்கும். லா ரிவியேர் ஊரைத் தாண்டினதும் ரோடு ஆத்தை ஒட்டியே மலை இடுக்குல போகும், அங்க ஏத்தம் ரொம்ப கம்மி, பல இடத்துல பேசிக்கிட்டே ஓட்டலாம். பவிலியோன்ங்கிற எடம் வந்ததுக்கு அப்புறம்தான் மலை ஏறவே ஆரம்பிக்குது, மிச்ச உயரம் பூரா அங்கிருந்து மேலதான். அதனால கீழ்ப் பாதில வேகம் காட்டாதீங்க. கியர் சக்கரத்துல முன்னாடி 34 பல்லு, பின்னாடி 32 பல்லு இருந்தா உக்காந்தே ஏறிடலாம்.

வால்பாறை ஏறின காலுக்கு இந்த ஏத்தம் பெருசில்ல. நான் இங்க வந்து இத்தன வருஷமா ஓட்டினதுல, ஏறும்போது தொந்தரவுல மாட்டினவங்கள ரொம்ப பாத்ததில்ல, இறங்கும்போது மாட்டினவங்களதான் பாத்திருக்கேன். அதனால உங்க கடைசி கேள்விக்கு என் பதில்: ஒரே நாள்ல ஏறி இறங்காதீங்க. ஒரு ராத்திரி மேல தங்குங்க. ஏன்னு நாளைக்கு எழுதுறேன், காலைல ஷிஃப்ட் இருக்கு.

4 ஜூன் 2025

காரணம் மேகம்தான். இது தென் கோளம், அதனால இங்க இப்ப குளிர்காலம், மழை கம்மி, காலைல வானம் பளிச்சுன்னு இருக்கும், தீவோட உயரமான மலை பித்தோன் தெ நேஜ் உச்சி வரைக்கும் தெரியும். பத்து பதினோரு மணிக்கெல்லாம் கீழ இருந்து மேகம் ஏறி வந்து மத்தியானம் பள்ளத்தாக்கு முழுக்க அடைச்சுடும். எல்லா நாளும் இல்ல, ஆனா இது நடக்கும்னு வெச்சுக்கிட்டுதான் கிளம்பணும். ஏறி, சாப்பிட்டு, கொஞ்சம் சுத்திட்டு ரெண்டு மணிக்கு இறங்கலாம்னு நினைக்கிறவங்க நேரா அந்த மேகத்துக்குள்ளதான் இறங்குறாங்க. பத்து மீட்டர் முன்னாடி என்ன இருக்குன்னு தெரியாது, ரோடு ஈரம், எதிர்ல பஸ்.

ஜூலைல ஆறே முக்காலுக்கு மேலதான் சூரியன் வரும், ஆறு மணிக்குள்ள சாயங்காலம் இருட்டிடும். ஆனா இது கடல் ஓரத்துக்கான கணக்கு. பள்ளத்தாக்குக்குள்ள சுத்தியும் செங்குத்துப் பாறை நிக்குறதால வெயில் லேட்டா வந்து சீக்கிரமா போயிடும். நாலு மணிக்கே நிழலாகி குளிர ஆரம்பிச்சுடும்.

நான் சொல்ற முறை இது. வெளிச்சம் லேசா வரும்போதே லா ரிவியேர்ல கிளம்புங்க. நிதானமா ஏறினாலும் பத்து பத்தரைக்கு மேல போயிடலாம். மறுநாள் காலைல, ரோடு காஞ்சதுக்கு அப்புறம், எட்டு எட்டரைக்கு இறங்குங்க. காலையில ஏறுறதும் காலையிலயே இறங்குறதும் ஒரே நாள்ல நடக்காதுல்ல, அதுக்குதான் ராத்திரி தங்குறது.

4 ஜூன் 2025, கொஞ்சம் கழிச்சு

டனல் பத்தி எழுத விட்டுப் போச்சு. வழியில ஒத்தை வண்டி மட்டும் போற குகைப்பாதைகள் இருக்கு. கியோல் ரூஜ் டனல்ல லைட் போட்டு நுழையுங்க, பகல்னாலும் சரி. உள்ள பாறையை வெட்டினபடியே விட்டிருக்காங்க, பூசி மெழுகல, மேல இருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும், கீழ அந்த ஈரத்துல பொடிக்கல்லு கெடக்கும். வெயில்ல இருந்து சட்டுன்னு உள்ள போனதும் கண்ணு ரெண்டு மூணு செகண்ட் ஒண்ணும் தெரியாது. கூலிங் கிளாஸ் போட்டிருந்தா வாசல்லயே கழட்டிடுங்க.

நுழையறதுக்கு முன்ன நின்னு காது குடுங்க. பஸ்காரங்க வளைவுக்கு வளைவு ஆரன் அடிச்சுட்டுதான் வருவாங்க, அது இந்த ரோட்ல பழக்கம், அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கண்ணு. பஸ் உள்ள வந்துட்டா ரெண்டு பக்கமும் மிஞ்சுறது கொஞ்ச இடம்தான், அதுல சைக்கிளுக்கு வழி கெடையாது. வெளியவே நின்னு அது வந்துட்டுப் போகட்டும்னு விட்டுடுங்க. டிரைவர்கள் நல்லவங்க, கை காட்டிட்டுப் போவாங்க.

6 ஜூன் 2025

கீழ ஒருத்தர் எழுதியிருக்கார், கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு, அதுவே போதும், இந்த 400 எல்லாம் டூரிஸ்ட்டுக்குச் சொல்ற கதைன்னு. ரெண்டும் ஒரே கணக்கு இல்லங்க. கொல்லிமலைல எண்ணுறது கொண்டை ஊசி மட்டும், ஒவ்வொண்ணுக்கும் நம்பர் எழுதி போர்டு வெச்சிருக்கும். இங்க 400 சொச்சம்ங்கிறது எல்லா வளைவையும் சேத்து, சின்னதா திரும்புறதும் அதுல வரும். கொண்டை ஊசி அதுல ஒரு பகுதிதான். ஆனா அதுக்காக கதைன்னு தள்ள வேணாம். நேரா ஒரு நூறு மீட்டர் ரோடு கெடைக்கிறதே கஷ்டம்னு ஓட்டிப் பாத்தா தெரியும். ஒரு எடத்துல ரோடு சுத்தி வந்து தன் மேலயே பாலம் போட்டு ஏறும், அங்க நின்னு கீழ பாத்தா இப்ப வந்த ரோடே காலுக்கு அடியில போகும்.

இந்த ரோடு 1932ல வந்தது. அதுக்கு முன்ன சிலாவோஸ் வெந்நீர் ஊத்துல குளிக்க வந்த பணக்காரங்கள நாற்காலில உக்கார வெச்சு ஆளுங்க தோள்ல தூக்கிட்டுப் போனாங்க, அதே மலை இடுக்கு வழியா. ஏத்தத்துல மூச்சு வாங்கும்போது எனக்கு அடிக்கடி அந்தத் தூக்குன ஆளுங்க நினைப்பு வரும். நம்ம சைக்கிள் எட்டு ஒம்பது கிலோ.

9 ஜூன் 2025

இறங்குறது பத்தி தனியா கேட்டிருந்தீங்க, ரிம் பிரேக் வண்டி (சக்கர வளையத்தைப் பிடிக்குற பிரேக்) போதுமான்னு.

காஞ்ச ரோட்ல போதும். ஆனா கார்பன் ரிம்மா இருந்தா வேணாம், இல்லன்னா வீல் மாத்திட்டு வாங்க. ஒரு தடவ எங்ககூட ஒரு பையன் வந்தான், நல்லா ஓட்டுறவன், எங்கள விட முன்னாடியே மேல போய் நின்னான். மேல குளிருது, லீவு இல்லன்னு மத்தியானமே இறங்கணும்னு ஒத்தக்கால்ல நின்னான், நாங்களும் தனியா விட மனசில்லாம கூட இறங்கினோம். வழியில பீட்டர் போத்ங்கிற எடத்துக்கிட்ட வரும்போது மேகம் மூடிடுச்சு, அப்புறம் தூத்தல். ரிம் ஈரமானா பிரேக் முதல் ஒண்ணு ரெண்டு சுத்துக்கு பிடிக்கவே பிடிக்காது, அதனால அவன் பயந்து பிரேக்கை விடாம அமுக்கிட்டே இறங்கினான். ஒரு வளைவுல நிறுத்தி அவன் வண்டியைப் பாத்தோம், பேட்ல ரப்பர் தேஞ்சு இரும்பு தெரியுது, ரிம் முழுக்க கறுப்புச் சேறு, அவன் விரல் விறைச்சுப் போய் லீவரை விட்டு எடுக்கவே முடியல, நான்தான் ஒவ்வொரு விரலா பிரிச்சு எடுத்தேன். அவன் கையை என் அக்குள்ல வெச்சு சூடு பண்ணிட்டு, பவிலியோன் வரைக்கும் சைக்கிளை உருட்டிட்டே நடந்தோம்.

அதனால மூணு விஷயம் மனசுல வைங்க. பிரேக்கை அமுக்கிட்டே இறங்காம வளைவுக்கு முன்னாடி நல்லாப் பிடிச்சு வளைவுல விட்டுடணும், டிஸ்க் பிரேக்குக்கும் இதே பேச்சுதான், தொடர்ந்து பிடிச்சா டிஸ்க் சூடாகி கத்த ஆரம்பிக்கும். முழு விரல் கிளவுஸ், காத்து தடுக்குற மெல்லிசு ஜாக்கெட் பாக்கெட்ல இருக்கணும், கீழ 25 டிகிரி இருக்கேன்னு ஏமாறாதீங்க, ஜூலைல சிலாவோஸ்ல ராத்திரி 10 டிகிரிக்குக் கீழ போகும். அப்புறம் கல்லு. மேல இருந்து விழுந்த கல்லு எந்த வளைவுக்குப் பின்னாலயும் கெடக்கலாம், சின்னதுல இருந்து தேங்கா அளவு வரைக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் தெரியலன்னா நிக்கக்கூடிய வேகத்துலதான் போகணும்.

10 ஜூன் 2025

அந்தக் கல்லு விஷயத்துக்கு ஒரு சேர்க்கை. மழை பெஞ்ச மறுநாளும் போகாதீங்க. வானம் தெளிஞ்சாலும் ஊறின மண்ணு அப்புறம்தான் சரியும். கிளம்புற முந்தின ராத்திரி ரோடு தொறந்திருக்கான்னு பாத்துக்கணும், பாறை சரிஞ்சா N5 ரோட்டை மூடிடுவாங்க, வேற வழியே இல்லாததால ஊரே மேல மாட்டிக்கும்.

இந்தத் தண்ணியோட பலத்தைக் கம்மியா எடை போடாதீங்க. நாலு நாள்ல பெஞ்ச மழைக்கான உலக சாதனை இந்தத் தீவுலதான், 2007 பிப்ரவரில கமேத் புயல் வந்தப்போ கொமெர்சோன்ங்கிற எரிமலைப் பள்ளத்துல 4,936 மில்லிமீட்டர். அதே புயல்லதான் சென் லூயிக்கும் சென் பியேருக்கும் நடுவுல சென் எத்தியேன் ஆத்துப் பாலம் விழுந்துச்சு. நீங்க ஏறும்போது பக்கத்துல ஓடுற சிலாவோஸ் ஆறு போய்ச் சேர்றது அந்த ஆத்துலதான். டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் இந்த ரோட்டை விட்டுடுறது நல்லது.

15 ஜூன் 2025

சலாசி பள்ளத்தாக்கு ரோடு எப்படின்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார். அது கிழக்குப் பக்கம், கடல் காத்து நேரா மோதுற பக்கம், குளிர்காலத்துலயும் நனையாம வந்தா அதிர்ஷ்டம். ஆனா முதல் தடவ மலை ஏறுறவங்களுக்கு நான் சலாசிதான் சொல்லுவேன். சென் ஆந்த்ரேல இருந்து மேல எல்பூர் ஊர் வரைக்கும் 25 கிமீ பக்கம், ரோடு அகலம் ஜாஸ்தி, உயரமும் 900 மீட்டர் சொச்சம்தான். எல்லாப் பக்கமும் அருவி. பிஸ் ஆன் லேர்னு ஒரு எடத்துல அருவி ரோட்டு மேலயே விழும், கார்க்காரங்க கண்ணாடி ஏத்திட்டுப் போவாங்க, நமக்கு ஏது கண்ணாடி, குளிச்சுட்டுதான் போகணும். பந்தல் பந்தலா சௌசௌ காய், வீட்டு வாசல்ல, ரோட்டு ஓரத்துல, பாறை மேலன்னு கொடி ஏறாத எடமே இல்ல. அந்தக் கொடியோட தளிரையும் இங்க சமைப்பாங்க, கடைல கேட்டு சாப்பிடுங்க.

ரெண்டு பள்ளத்தாக்குக்கும் ஒரு ஒத்துமை உண்டு. தீவுல இன்னும் ஓடுற சர்க்கரை ஆலை ரெண்டே ரெண்டு, லெ கோல் சென் லூயில, புவா ரூஜ் சென் ஆந்த்ரேல. அதாவது ரெண்டு மலை ரோட்டுக்கும் வாசல்ல ஒரு ஆலை. நம்ம ஆளுங்கள கரும்புக்காகக் கப்பல்ல கொண்டு வந்து எறக்கின ஊருங்க, அதனால கோயிலும் அங்கங்க இருக்கு, விடியக்காலைல சைக்கிள் எடுத்துட்டுப் போகும்போது மேளச் சத்தம் கேக்கும். வாசல் தெளிச்சுட்டு நிக்குற பாட்டிங்களுக்குத் தமிழ் பேச வராது, ஆனா வணக்கம்னா வணக்கம்னு கை கூப்புவாங்க. எனக்கு அது பெரிய விஷயம்.

ஓட்டுறதுக்கு இதுல என்ன இருக்குன்னா, ஜூலைல இருந்து டிசம்பர் வரைக்கும் கரும்பு வெட்டு. ஆலைக்குப் போற லாரிங்க ரவுண்டானால திரும்பும்போது தோகையும் செம்மண்ணும் கொட்டிட்டுப் போகும், பனில நனைஞ்சா அதுல டயர் வழுக்கும். ஆலை இருக்குற ஊரைக் கடக்குற வரைக்கும் மெதுவா போங்க. சட்டப்படி ஊருக்கு வெளிய சைக்கிளை முந்துற வண்டி ஒன்றரை மீட்டர் விடணும், ஊருக்குள்ள ஒரு மீட்டர். பெரும்பாலும் விடுறாங்க. இருட்டுலயோ மேகத்துலயோ ஊருக்கு வெளிய ஓட்டினா மின்னுற சட்டை கட்டாயம்.

15 ஜூன் 2025, மறுபடியும்

சாப்பாடு. லா ரிவியேர்லயே ரெண்டு பாட்டில் நிரப்பிடுங்க, ரொட்டிக் கடை காலைல சீக்கிரமே தொறந்திருக்கும். அங்க பொம்போன் பிமான் சூடா இருந்தா நாலு வாங்கிப் போடுங்க, நம்ம பருப்பு வடைதான், சைஸ் சின்னது, காரம் ஜாஸ்தி. எனர்ஜி ஜெல் எல்லாம் நான் வாங்குறதில்ல. வாழைப்பழம், வடை, உப்புப் போட்ட தண்ணி, 37 கிமீக்கு இதுவே ஏராளம்.

22 ஜூன் 2025

ஜூலை 14 லீவுல போகப் போறேன்னு எழுதியிருக்கீங்க. அந்த வாரம் வேணாம் தம்பி. திங்கக்கிழமை லீவு, மூணு நாள் சேந்து வருது, தீவே மலைக்குக் கிளம்பும். குடும்பம் குடும்பமா சட்டி பானையோட வருவாங்க, ஞாயித்துக்கிழமை பிக்னிக் இங்க விடவே முடியாத பழக்கம். சந்தோஷமான கூட்டம்தான், ஆனா சாயங்காலம் எல்லாரும் ஒரே ரோட்ல ஒரே நேரத்துல இறங்குவாங்க, நடுவுல சைக்கிள் நிக்க எடம் இருக்காது. ஒரு நாள் லீவு போட முடிஞ்சா புதன் ஏறி வியாழன் இறங்குங்க. அக்டோபர்ல கிரான் ரெய்து ஓட்டப் பந்தயம் நடக்குற வாரத்தையும் விட்டுடுங்க, அதுவும் சிலாவோஸ் வழியாத்தான் போகுது.

மொதல்ல ஆபத்தைத் தவிர்க்கத்தான் ராத்திரி தங்கச் சொன்னேன். யோசிச்சுப் பாத்தா அது பாதிக் காரணம்தான். மிச்சப் பாதி என்னன்னா, சிலாவோஸ் ஊரைத் தொட்டுட்டுத் திரும்புறவங்க நல்ல ரோட்டை ஓட்டாமலே திரும்புறாங்க. ஊர்ல இருந்து ரெண்டு கிளை ரோடு இருக்கு. ஒண்ணு பிரா செக். சின்ன தூரம், கிரிப்தோமெரியா மரக்காடு வழியா ஏறும், பித்தோன் தெ நேஜ் நடைபாதை ஆரம்பிக்குற எடம் அதுலதான், 3,070 மீட்டர் உச்சிக்கு அங்கிருந்துதான் ஆளுங்க லைட்டு கட்டிட்டு நடுராத்திரி கிளம்புவாங்க. காலைல அந்த மரங்களுக்கு நடுவுல ஓட்டும்போது செயின் சத்தத்தைத் தவிர ஒண்ணும் கேக்காது.

இன்னொண்ணு இலே ஆ கோர்த். தீவுல எனக்குப் புடிச்ச ரோடு எதுன்னு கேட்டா யோசிக்காம இதைத்தான் சொல்லுவேன். பன்னண்டு கிமீ பக்கம், வண்டி ரொம்ப கம்மி, பாறைச் சுவத்துல ஒட்டின ஒத்தை ரோடு, ஒரு பக்கம் அதல பாதாளம். ஃப்ளேர் ஜோன் பள்ளத்தைக் கடக்கும்போது கயித்துல தொங்கி அருவி இறங்குறவங்க தெரிவாங்க. தைபித் கணவாய்க்கு நடந்து போறவங்க அங்க பையை மாட்டிட்டு நிப்பாங்க, அதைத் தாண்டினா மாஃபாத் பள்ளத்தாக்கு, அங்க ரோடே கெடையாது, நடந்தா உண்டு இல்லன்னா ஹெலிகாப்டர். ஏத்தம் சில எடத்துல கடுமையா இருக்கும், எழுந்து நின்னு மிதிக்கணும்.

கடைசில ஊரு. பாத்தி பாத்தியா பருப்புச் செடி, முழங்காலுக்கும் கீழதான் உயரம், குளிர்காலப் பயிர். சிலாவோஸ் பருப்புன்னு கடைல வெலை ஜாஸ்தியா விக்குறாங்களே அது. ஒரு வயசானவர் வீட்டு வாசல்ல சாக்கு விரிச்சு, சுளகுல புடைச்சுக்கிட்டு இருந்தார், கல்லையும் தோலையும் விரல் நுனியால ஒதுக்குற வேகம் எங்க அம்மா காரைக்கால்ல செஞ்ச அதே வேகம். ஒரு கிலோ வாங்கி ஜெர்சி பின் பாக்கெட்ல போட்டேன். ஊற வைக்க வேண்டியதே இல்ல, பூண்டும் தைம் இலையும் போட்டு வேக வெச்சா அரைமணி நேரத்துல மசிஞ்சு வருது, நம்ம வீட்ல கடைசில ஒரு தாளிப்பும் உண்டு.

ஒரே நாள் ஆளுங்களுக்கு இதெல்லாம் கெடைக்காதுங்கிறதுதான் எனக்கு ஆதங்கம்.

23 ஜூன் 2025

மைதோ மலை உச்சி ரோடு, எரிமலை ரோடு பத்தி கேட்டவங்களுக்குச் சுருக்கமா. மைதோ பள்ளத்தாக்கு ரோடு இல்ல, கடல்ல இருந்து 2,200 மீட்டர் வரைக்கும் ஒரே ஏத்தம், சிலாவோஸை விட ரொம்பக் கடுமை, அதைக் கடைசிக்கு வைங்க. எரிமலைக்கு பூர் முரா ஊர் வரைக்கும் கார்ல போய் அங்கிருந்து ஓட்டலாம், தார் ரோடு அருமை, ஆனா பிளேன் தே சாப் சமவெளில இறங்கினதும் ஜல்லி மண் பாதை, மெல்லிசு டயர் தாங்காது. 32 மில்லிமீட்டருக்குக் கம்மியான டயர்னா மேட்டு மேலயே நின்னு பாத்துட்டுத் திரும்பிடுங்க.

6 ஜூலை 2025

வீட்ல சம்மதிச்சுட்டாங்கன்னு பாத்தேன், ரொம்ப சந்தோஷம். அவங்க பஸ்ல வந்துடட்டும், சென் லூயில இருந்து சிலாவோஸுக்கு பஸ் இருக்கு. தலை சுத்துற ஆளுன்னா முன் சீட்டு, கைல இஞ்சி மிட்டாய். பையையும் மாத்துத் துணியையும் அவங்க கிட்டயே குடுத்து விட்டுடுங்க, முதுகுல சுமை இல்லாம ஏறுறது பாதி பலம். அவங்க வெந்நீர்க் குளியலுக்குப் போகட்டும், நீங்க மத்தியானம் தூங்குங்க, மறுநாள் விடிஞ்சதும் இலே ஆ கோர்த் போய்ட்டு வந்து, அன்னைக்கும் தங்கிட்டு மூணாம் நாள் இறங்கினா இன்னும் நல்லது. லீவு கெடைக்கலன்னா பிரா செக் மட்டும் போய்ட்டு இறங்குங்க.

16ஆம் தேதி புதன்கிழமை நானும் ஏறுறேன். காலைல ஆறரைக்கு லா ரிவியேர் சர்ச் பக்கத்துல நிப்பேன், வேற யாரு வர்றதுன்னாலும் வரலாம், வேகம் மெதுவாத்தான். முன் லைட்டும் பின் லைட்டும் சார்ஜ் போட்டு எடுத்துட்டு வாங்க, லைட் இல்லாதவங்கள டனலுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்.